கேஜிஎஃப்ல ஒரு ராத்திரி தங்கணும்னா எங்க தங்குறது, என்ன பாக்குறது

பெங்களூர்ல இருந்து கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல், சுமார் நூறு கிலோமீட்டர்தான், அதனால முக்கால்வாசிப் பேரு காலைல காரை எடுத்துக்கிட்டு கிளம்பி, சுரங்கக் கழிவு மண்ணு குவிஞ்ச சயனைடு மேட்டுல நாலு போட்டோ, கோடிலிங்கேஸ்வரர் கோயில்ல ஒரு கும்பிடு, சாயங்காலம் திரும்ப வீடுன்னு முடிச்சிடுறாங்க. நான் சொல்றது, ஒரு ராத்திரியாவது அங்கேயே தங்குங்க. தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிட்டாங்க, உள்ள போய்ப் பாக்க வழி கிடையாது, அப்ப மிச்சம் இருக்கிறது ஊரும் ஜனங்களும்தான். மத்தியான வெயில்ல போனா அந்த ஊரு உங்க கண்ணுல படவே படாது, சாயங்காலம் மார்க்கெட்டு கூடுற நேரத்துலயும் விடியக்காலைல ரயிலுக்கு ஓடுற நேரத்துலயும்தான் தெரியும். ரெண்டையும் பாக்கணும்னா ராத்திரி அங்க படுத்தாகணும், அவ்ளோதான் கணக்கு.

முதல்ல போற வழி. பெங்களூர்ல இருந்து மாரிகுப்பம் போற ரயிலைப் புடிங்க, அதுதான் என் ஓட்டு. பங்காரப்பேட்டை ஜங்ஷன் வந்து அங்கிருந்து தங்கவயலுக்குன்னே பிரியிற கிளை லைன்ல போகும், உரிகம், சாம்பியன், கடைசியா மாரிகுப்பம். அந்த லைனே சுரங்கத்துக்காகப் போட்டது, 1894ல இருந்து ஓடுது. சென்னைல இருந்து வர்றவங்க பிருந்தாவன், லால்பாக் மாதிரி பங்காரப்பேட்டைல நிக்கிற வண்டில வந்து இறங்கி, அடுத்த மாரிகுப்பம் வண்டி உடனே இல்லைன்னா பஸ்ஸோ ஆட்டோவோ புடிச்சா அரைமணி நேரம் சொச்சம். வேலூர், குடியாத்தம் பக்கம் இருக்கிறவங்க பேர்ணாம்பட்டு, ஆந்திராவுல வி.கோட்டா வழியா ரோட்டுலயே வந்துடலாம், தங்கவயல் ஜனங்கள்ல பாதிப்பேரோட பூர்வீகம் அந்தப் பக்கம்தான், அதனால அந்த ரூட்ல பஸ்ல உக்காந்தாலே பக்கத்து சீட்டுல யாராவது ஒருத்தர் எங்க தாத்தா மைன்ஸ்ல இருந்தாருன்னு கதை ஆரம்பிச்சிடுவாங்க. டைமிங்கை மட்டும் கிளம்புறதுக்கு முந்தின நாள் ரயில்வே ஆப்ல பாத்துக்கோங்க, கிளை லைன்ல ஒரு வண்டி போச்சுன்னா அடுத்ததுக்கு ரொம்ப நேரம் காத்திருக்கணும்.

இப்ப தங்குற இடம். பெரிய ரிசார்ட்டு, ஸ்விம்மிங் பூல்னு எதிர்பாத்து வராதீங்க. ராபர்ட்சன்பேட்டைதான் ஊரோட கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, எம்ஜி மார்க்கெட்டு எல்லாம் அங்க, லாட்ஜும் அந்தச் சுத்துலதான் தேடணும். தனியாவோ ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸாவோ போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், மார்க்கெட்டுக்கு நடந்து போற தூரத்துல ரூம் போடுங்க, சாயங்காலம் ஆட்டோவே தேவைப்படாது. வயசானவங்க, கைக்குழந்தை எல்லாம் கூட்டிக்கிட்டு வர்றீங்க, பாத்ரூம் லிஃப்ட்டு எல்லாம் கொஞ்சம் வசதியா வேணும்னா கோலார் டவுன்லயோ சென்னை பெங்களூர் ஹைவேயிலயோ தங்கிட்டு வண்டில வந்து போங்க, கோலார்ல இருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஆனா அப்படித் தங்கினா நான் மேல சொன்ன சாயங்காலமும் விடியக்காலையும் பாதி கைவிட்டுப் போகும், அது தெரிஞ்சே முடிவு பண்ணுங்க. பங்காரப்பேட்டைல ஸ்டேஷன் பக்கத்துல தங்குறது ராத்திரி லேட்டா வந்து சேர்றவங்களுக்கு சரி, மத்தபடி அங்க தங்க ஒரு காரணமும் இல்ல, சாட் சாப்பிடறதைத் தவிர, அதைப் பின்னாடி சொல்றேன்.

ரூம் போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணிப் பேசுங்க, ஆன்லைன் போட்டோவை மட்டும் நம்பி காசு கட்டிடாதீங்க. முதல் கேள்வி தண்ணி. தங்கவயல் காலங்காலமா தண்ணிக்குக் கஷ்டப்படுற ஊரு, வெள்ளைக்காரன் காலத்துலயே பாலாத்து மேல பேத்தமங்கலம் ஏரில இருந்து குழாய் போட்டுத்தான் இங்க தண்ணி கொண்டு வந்தாங்க, அதனால இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வருமா, வெந்நீர் எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும்னு தெளிவா கேட்டுக்கோங்க. ஊரு மேட்டு நிலம், கடல் மட்டத்துக்கு மேல சுமார் 850 மீட்டர் இருக்கும், மார்கழி தைல விடியக்காலைல நல்லாவே குளிரும், வெந்நீர் இல்லாம சமாளிக்க முடியாது. அடுத்தது செக்கவுட்டு, இருபத்திநாலு மணி நேரக் கணக்கா இல்ல மத்தியானம் பன்னெண்டு மணியான்னு கேளுங்க, காலைல ஆறு மணி ரயில்ல வந்து இறங்குறவங்களுக்கு இருபத்திநாலு மணி நேரக் கணக்குதான் லாபம். அப்புறம் ஜெனரேட்டர் இருக்கா, பைக் கார் விட உள்ளுக்குள்ள இடம் இருக்கா, ராத்திரி பத்து மணிக்கு மேல கேட் பூட்டுவாங்களா. எல்லாருக்கும் ஆதார் ஒரிஜினல் கேப்பாங்க, ஒருத்தர் கிட்ட மட்டும் இருந்தா பத்தாது. போய்ச் சேந்ததும் ரூமைப் பாத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க, பெட்ஷீட்டை மாத்தச் சொல்லிக் கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, கேட்டா மாத்திடுவாங்க.

எப்ப போறதுன்னா, அக்டோபர் கடைசில இருந்து பிப்ரவரி வரைக்கும். ஆடி காத்து அடிக்கிற சமயத்துல போகாதீங்க, சயனைடு மேட்டுல இருந்து கிளம்புற தூசி ஊருக்குள்ள வீடு வரைக்கும் வரும், அங்கேயே வாழுறவங்களுக்கு அது வருஷா வருஷம் படுற அவஸ்தை. கிறிஸ்துமஸ் ஊரே கொண்டாடுற பண்டிகை, வெளியூர்ல வெளிநாட்டுல இருக்கிற தங்கவயல்காரங்க எல்லாம் அந்த வாரம் ஊருக்கு வருவாங்க, பாக்க ரொம்ப நல்லா இருக்கும், ஆனா ரூமை முன்கூட்டியே சொல்லி வச்சிருங்க.

சரி, போய்ச் சேந்தாச்சு. முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டு வெயில் தாழ்ந்ததும் ஒரு ஆட்டோவை அரைநாளுக்குப் பேசிக்கோங்க. டிரைவர் ஐம்பது வயசுக்கு மேல இருந்தா ரொம்ப நல்லது, அப்பா மைன்ஸ்ல இருந்திருப்பாரு, இல்ல அவரே இருந்திருப்பாரு. "அண்ணே, உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் மூணும் சுத்திக் காட்டுங்க, அப்படியே பழைய லைன் வீடுங்க வழியா கூட்டிட்டு போங்க"ன்னு சொன்னா போதும், மிச்சத்தை அவரு பாத்துக்குவாரு.

போற வழியில என்ன பாக்குறோம்னு தெரிஞ்சிருந்தா அந்தத் துருப்புடிச்ச இரும்பெல்லாம் பேச ஆரம்பிக்கும், அதனால கொஞ்சம் கதை சொல்றேன். இங்க தங்கம் இருக்குன்னு ஊர் ஜனங்களுக்கு ரொம்ப காலமா தெரியும், 1802ல ஜான் வாரன்னு ஒரு லெப்டினன்ட் அதைக் கேள்விப்பட்டு வந்து பாத்து எழுதி வச்சான், அப்புறம் மைக்கேல் லாவெல்னு ஒரு ஐரிஷ் சிப்பாய் 1873ல மைசூர் அரசாங்கத்துக்கிட்ட தோண்டுறதுக்கு அனுமதி கேட்டான், ஆனா பெரிய அளவுல தொழிலா நடத்தினது 1880ல வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிதான். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம்னு தனித்தனி சுரங்கங்க. நூத்திச்சொச்சம் வருஷத்துல மொத்தம் 800 டன்னுக்கு மேல தங்கம் எடுத்திருக்காங்க. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் கீழ போகுது, உலகத்துலயே ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு, அந்த ஆழத்துல பாறையோட சூடே அறுபது டிகிரிக்கு மேல, மேல இருந்து குளுந்த காத்தை இறக்கினாதான் மனுஷன் நிக்கவே முடியும். அதுக்கு மேல ராக்பர்ஸ்ட்டுன்னு ஒண்ணு, அழுத்தம் தாங்காம பாறை தானா வெடிச்சுச் சிதறும், கீழ வெடிச்சா மேல வீட்டுல பாத்திரம் ஆடும், வீட்டுல இருக்கிறவங்க புருஷன் புள்ளைங்க எந்த ஷிப்ட்டுன்னு நெனச்சு பதறிப்போய் வெளிய ஓடி வருவாங்க. இதுல தப்பிச்சவங்களைக் கல்லுத்தூசி நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸ் கொன்னுச்சு. வட ஆற்காடு, சித்தூர், தருமபுரி, சேலம் பக்கத்துல இருந்து பஞ்சத்துக்கும் ஜாதிக் கொடுமைக்கும் தப்பிச்சு வந்த ஏழை ஜனங்கதான் அந்த வேலையைச் செஞ்சாங்க, பெரும்பாலும் தலித் ஜனங்க.

சாஃப்ட்டு, அதாவது சுரங்கத்துக்குள்ள இறங்குற குழி, அதுக்கு மேல நிக்கிற அந்த உயரமான இரும்புக் கோபுரம், அதுல இருக்கிற சக்கரம், அதுல ஓடின கம்பிலதான் ஆளுங்களைக் கூண்டுல வச்சுக் கீழ இறக்குவாங்க. ரோட்டுல நின்னு பாருங்க, அது போதும். சுரங்க இடம் எல்லாம் இன்னும் பிஜிஎம்எல், அதாவது பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனியோட சொத்து, மத்திய அரசாங்கத்தோடது, அனுமதி இல்லாம உள்ள போகக் கூடாது, காவல் இருக்கு. இதை சட்டத்துக்காக மட்டும் சொல்லல. மூடின சாஃப்ட்டுக்குள்ள தண்ணி நெரம்பியிருக்கு, காத்து கிடையாது, திருட்டுத்தனமா இறங்கினவங்க மூச்சு முட்டிச் செத்திருக்காங்க, 2020ல கூட மூணு பேரு. யாராவது உங்ககிட்ட வந்து காசு குடுத்தா உள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா திரும்பிக்கூடப் பாக்காதீங்க.

உரிகம் பக்கம் வரும்போது ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி யோசிச்சுப் பாருங்க, 1902லயே இங்க கரண்டு வந்துருச்சு, காவேரில சிவசமுத்திரத்துல நீர்மின் நிலையம் கட்டி நூத்தி நாப்பது கிலோமீட்டருக்கும் மேல கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்குத்தான் முதல்ல குடுத்தாங்க, பெங்களூருக்கே 1905லதான் வந்துச்சு. அந்தக் கரண்டுல வெள்ளைக்கார துரைங்க பங்களா, கிளப்பு எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, குட்டி இங்கிலாந்துன்னு பேரு வேற. கொஞ்ச தூரத்துலயே தொழிலாளிங்க லைன் வீடு, மூங்கில் தட்டியில அடைச்சது, ஒரு ரூமு, நிமிந்து நிக்க முடியாது. ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல அடுத்தடுத்துப் பாருங்க, அதுக்காகத்தான் ஆட்டோக்காரர்கிட்ட லைன் வழியா போகச் சொல்லச் சொன்னேன். லைன் வீட்டுல இப்பவும் குடும்பம் குடும்பமா ஜனங்க இருக்காங்க, கேமராவைத் தூக்கி வாசல்ல நீட்டாதீங்க, கேட்டுட்டு எடுங்க.

சாம்பியன் ரீஃப்ல இன்னொரு விஷயம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. அவ்ளோ ஆழத்துல மத்த காஸ்மிக் கதிரெல்லாம் பாறையிலயே அடங்கிடும்கிறதால டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிங்க ஜப்பான், இங்கிலாந்து ஆளுங்களோட சேந்து சுரங்கத்துக்குள்ள கருவி வச்சாங்க, வளிமண்டலத்துல உண்டாகுற நியூட்ரினோங்கிற நுண்துகளை உலகத்துல முதமுதலா கண்டுபுடிச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு, 1965ல. பசங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதைக் கண்டிப்பா சொல்லுங்க.

சயனைடு மேட்டுக்கு சூரியன் இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போங்க. பாறையை மாவா அரைச்சு சயனைடு கரைசல்ல தங்கத்தைக் கரைச்சு எடுத்ததுக்கு அப்புறம் மிஞ்சின மண்ணுதான் இப்படி மலை மலையா கெடக்கு, 13 மேடு, மூணு கோடி டன்னுக்கு மேல. மேடு நெடுக மழை அரிச்ச பள்ளம், ஓரம் இளகி இருக்கும், விளிம்புல நின்னு செல்ஃபி எடுக்கறது உயிரோட விளையாடுறது. மாஸ்க் கண்டிப்பா போடுங்க, குட்டையில தேங்கின தண்ணில கை கால் வைக்காதீங்க, சின்னப் புள்ளைங்களை மண்ணுல விளையாட விடாதீங்க, ரூமுக்கு வந்ததும் செருப்பைக் கழுவிட்டு உள்ள போங்க. மழை பேஞ்ச அடுத்த நாள்னா மேட்டுப் பக்கமே போக வேணாம். இந்த மண்ணுல மிச்சம் இருக்கிற தங்கத்தை எடுக்கற திட்டத்துக்கு 2024ல கர்நாடக அரசாங்கம் சம்மதம் குடுத்திருக்கு, வேலை ஆரம்பிச்சா இந்த இடத்தோட அமைப்பே மாறும், பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்க ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க. சினிமா பாத்துட்டு வர்றவங்க இங்க மட்டும் வந்துட்டுப் போயிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம், இந்த மேட்டுல ஒவ்வொரு கைப்புடி மண்ணையும் யாரோ ஒருத்தர் பூமிக்கு அடியில இருந்து தூக்கிட்டு வந்திருக்காங்க.

ராத்திரி எம்ஜி மார்க்கெட்டு. அங்க நடக்கும்போது காது குடுத்துக் கேளுங்க, கர்நாடகாவுக்குள்ள இருக்கோம்னே மறந்துடும், தமிழ்தான் எங்கயும், நடுநடுவுல கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலோ இந்தியன் வீட்டு இங்கிலீஷ் எல்லாம் கலந்து. இந்தத் தொகுதில தமிழ்நாட்டுக் கட்சிங்க, ரிபப்ளிகன் கட்சி, கம்யூனிஸ்ட்டு எல்லாம் ஜெயிச்சிருக்காங்க. அயோத்திதாச பண்டிதர் வழில வந்த தமிழ் பௌத்தத்துக்கு மாரிகுப்பம் ஒரு முக்கியமான ஊரு, அவர் நடத்தின தமிழன் பத்திரிகையை 1926ல அப்பாதுரையார் திரும்ப இங்க இருந்துதான் கொண்டு வந்தாரு, அம்பேத்கர் 1954ல இங்க நேர்ல வந்திருக்காரு. கைரேகை பதிவு பண்ணச் சொன்னதை எதுத்து 1930ல தொழிலாளிங்க வேலையை நிறுத்திப் போராடினாங்க. மார்க்கெட்டுப் பக்கத்துல டீக்கடைல பெரியவங்க யாராவது உக்காந்திருந்தா, "ஐயா, நீங்க மைன்ஸ்ல எந்த சாஃப்ட்டுல இருந்தீங்க"ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க, கிஃபோர்ட்னோ ஹென்றினோ பேரு சொல்லி ஆரம்பிப்பாங்க, அப்புறம் நீங்க பேசவே வேணாம், கேட்டா போதும். மூடினப்ப வந்த செட்டில்மென்ட்டு பணம், வீட்டுப் பட்டா இதெல்லாம் இன்னும் வலிக்கிற விஷயம், அவங்களா சொன்னா கேளுங்க, நீங்களா தோண்டாதீங்க. வீடியோ போட்டு விடுறேன்னு சொல்லாம போனைத் தூக்காதீங்க.

அடுத்த நாள் விடியக்காலைல, தூக்கம் போனாலும் பரவால்ல, அஞ்சு மணிக்கு எழுந்து பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்க. சுரங்கம் மூடினதுல இருந்து இந்த ஊரு புள்ளைங்க பெங்களூருக்குப் போய்த்தான் பொழைக்குறாங்க, ஆயிரக்கணக்குல, தினமும். இருட்டுல டிபன் பாக்ஸோட ஓடி வந்து வண்டில இடம் புடிக்கிறதும், ஏறின உடனே ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு தூங்குறதும், சாயங்காலம் எட்டு மணிக்கு மேல திரும்பி வர்றதும். தாத்தா பூமிக்குக் கீழ ஷிப்ட்டு பாத்தாரு, பேத்தி ரயில்ல ஷிப்ட்டுக்குப் போகுது. அந்தக் கூட்டத்துல நீங்க ஓரமா நில்லுங்க, வழில நின்னு போட்டோ எடுத்து அவங்க சீட்டைக் கெடுக்காதீங்க.

மிச்ச நாளுக்கு சுத்துவட்டாரம். ஏழெட்டு கிலோமீட்டர்ல கம்மசந்திரா, அங்க கோடிலிங்கேஸ்வரர் கோயில், 108 அடி உயர லிங்கம், எதுக்க 35 அடி நந்தி, சுத்தி தரையெல்லாம் பக்தருங்க நேந்துக்கிட்டு வச்ச லிங்கங்க. ஞாயித்துக்கிழமையும் சிவராத்திரியும் கூட்டம் தாங்காது, காலைல எட்டு மணிக்குள்ள போயிடுங்க, தரைக்கல்லு சுடுறதுக்கு முன்னாடி. அங்கிருந்து பேத்தமங்கலம் ஏரி, பங்காரு திருப்பதி வெங்கடரமணர் கோயில் ரெண்டும் ஒரே பக்கம்தான். பழைய கோயில்ல ஆர்வம் இருக்கிறவங்க ஆவணிக்குப் போங்க, ராமலிங்கேஸ்வரர் கோயில் தொகுதி, நொளம்ப ராஜாக்க காலத்துது, மேல மலையில சீதைக்குக் கோயில், லவகுசன் பொறந்த இடம்னு ஜனங்க நம்புறாங்க. என்னைக் கேட்டா ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா ஆவணிதான், கூட்டமும் இருக்காது, கல்லு வேலை அவ்ளோ நல்லா இருக்கும். அப்படியே முல்பாகல், குருடுமலைப் பிள்ளையார், முல்பாகல் தோசை. தோசை தடியா, ஓரம் மொறுமொறுன்னு, நெய்ல. கோலார் டவுன்ல கோலாரம்மா கோயில்ல சோழர் கல்வெட்டு இருக்கு, அந்தரகங்கை மலையில படி ஏறினா நந்தி வாயில இருந்து தண்ணி வந்துட்டே இருக்கும், குரங்கு ஜாஸ்தி, கைல சாப்பாட்டுப் பை வேணாம். ஹைதர் அலி பொறந்த பூதிகோட்டையும் பங்காரப்பேட்டை பக்கம்தான். இது எல்லாத்தையும் ஒரே நாள்ல அடக்கப் பாக்காதீங்க, ஒரு திசைல ரெண்டு இடம் போதும்.

பெமல் தொழிற்சாலைப் பக்கம் போட்டோ எடுக்காதீங்க, ராணுவத்துக்கும் வேலை செய்ற கம்பெனி, பிரச்சினை ஆகும். கேஜிஎஃப் கிளப்பு மெம்பர்ங்களுக்கானது, கேட்ல கேட்டுப் பாருங்க, விடலைன்னா வெளிய இருந்து பாத்துட்டு வந்துடுங்க. மாத்திரை, மாஸ்க்கு, ஒரு ஸ்வெட்டரு, சில்லறைக் காசு, குடிக்கத் தண்ணி கையோட. சாப்பாடு, டீ, ஆட்டோ எல்லாம் ஊருக்குள்ளயே செலவு பண்ணுங்க, பெங்களூர்ல இருந்து பார்சல் கட்டிட்டு வந்தா அந்த ஊருக்கு உங்களால என்ன பிரயோஜனம்.

திரும்பும்போது பங்காரப்பேட்டைல வண்டி மாறுறவங்க நடுவுல ஒரு மணி நேரம் இருக்கிற மாதிரி பாத்துக்கோங்க, அந்த ஊரு பானிபூரி பேர் போனது, பானி கலங்காம பச்சைத் தண்ணி மாதிரியே தெளிவா இருக்கும், வாயில போட்டாதான் காரம் தெரியும். சாயங்காலம்தான் கடை சூடு புடிக்கும், அதனால மத்தியான வண்டியை விட்டுட்டு ஆறு மணிக்கு மேல இருக்கிற வண்டிக்கு டிக்கெட்டு போடுங்க.